மருத்துவமனையை விட்டு வந்தவர் நலமாயிருக்கின்றாரா?

தோட்டத்தில் இருவர் வாய்ச்சண்டையிடும்பொழுது, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று ஒருவர் மற்றவரை ஏசுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஈப்போவுக்கு அண்மையில் உள்ள சிற்றூர் ஒன்றின் பெயர் அது. 1911-ஆம் ஆண்டில் அங்கே மனநோயாளருக்கெனப் பெரிய மருத்துவமனை ஒன்று திறக்கப்பெற்றது. அன்று தொட்டு அவ்வூரின் பெயரே வசைச் சொல்லாகிவிட்டது. அம்மருத்துவமனைக்கு இன்று 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயர். ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் 1937-இல் தோன்றிய மருத்துவமனை 'பெர்மாய்' என வழங்குகின்றது. பெயர்கள் மாறின, வசை மட்டும் மாறவில்லை.

இவ்விரு மருத்துவமனைகளுக்கும் தோட்டப்புறங்களிலிருந்து சென்றவர்கள் உண்டு. சிலர் சில வாரங்களிலேயே குணமடைந்து திரும்பினர். வேறு சிலர், பெற்றோர் மறைந்து, உடன்பிறந்தார் வெவ்வேறு தோட்டங்களுக்கு மாறிச் சென்று, வீட்டு முகவரியே அற்றவர்களாகிப் பல்லாண்டுகள் அங்கேயே தங்கிவிட்டனர். இத்தகையோர் குடும்பத்தோடோ, சிறு இல்லங்களிலோ, ஊராரிடையே வாழ வழி செய்ய வேண்டும் என்பதே இன்று உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்டுள்ள கொள்கையாகும். நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சமூக மனநல நிலையங்களுக்கு இடமளித்துள்ளது.

கொள்கை நன்று. ஆயினும் இக்கொள்கை எந்த நாட்டில் நடைமுறைக்கு வந்தாலும், "இத்தனை பேர் வெளியேறினர், இத்தனை கட்டில்கள் குறைந்தன" என்ற கணக்கே முதலில் வெளிவருகின்றது. செய்தி எழுதும் பணியில் உள்ள நாமும் இத்தகைய எண்களை விரும்பி எடுத்தாள்வது உண்டு. எழுதுவதற்கு அவை எளியவை. ஆனால், "உங்கள் அண்ணன் வீடு திரும்பத் தக்க நிலையில் உள்ளார்" என்று 12 ஆண்டுகளுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து கடிதம் பெறும் ஒரு தங்கைக்கு அந்த எண்ணால் என்ன பயன்? விடியுமுன் வீட்டார் அனைவரும் பெரட்டுக்குச் சென்றுவிட்டால் அண்ணனை யார் பார்த்துக்கொள்வது? மருந்தைத் தவறாமல் உட்கொள்வாரா? அங்கே இருந்ததைவிட இங்கே அவர் நலமாக இருப்பாரா? இவை அன்பில்லாதவர் எழுப்பும் கேள்விகள் அல்ல. பொறுப்புள்ள எவரும் எழுப்ப வேண்டிய கேள்விகளே. இவற்றுக்கு விடை காண முயன்றவர்கள் எவ்வாறு முயன்றனர், என்ன கண்டனர் என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

அளந்து பார்ப்பது பற்றி ரப்பர்த் தோட்டத்தாருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. புதிய இனக் கன்று ஒன்றை ஆராய்ச்சிக் கழகத்தார் பரிந்துரைக்குமுன், அதனைப் பழைய இனத்தின் அருகிலேயே, அதே மண்ணில், அதே மழையில் நட்டுப் பார்க்கின்றனர். ஒரு நாள் பாலை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழைக் காலத்தில் வெட்டு நாள்கள் குறையும். ஆகவே ஆண்டுக் கணக்கில் அளக்கின்றனர். மங்கு நிறைந்து வழிந்தாலும் கிராணி பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று சோதித்த பிறகே ஏட்டில் எழுதுகின்றார். மனிதரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றும் திட்டத்தையும் இவ்வாறே அளக்க வேண்டும் என்பது கேட்பதற்கு எளிய செய்தி. ஆனால் பல நாடுகள் அளக்காமலே மாற்றின.

அமெரிக்காவில் 1955-ஆம் ஆண்டில் மாநில மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 559,000 பேர் இருந்தனர். புதிய மருந்துகள் வந்தன. 1963-இல் சமூக மனநல நிலையங்களுக்கான சட்டம் வந்தது. 1980-ஆம் ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கை 140,000-க்கும் கீழே இறங்கியது. கட்டில் கணக்கைப் பார்த்தால் பெரும் வெற்றி. ஆனால் திட்டமிட்ட சமூக மனநல நிலையங்களுள் ஏறத்தாழ பாதியே அமைந்தன. வெளியேறியோருள் ஒரு பகுதியினர் முதியோர் விடுதிகளிலும், சிறைகளிலும், தெருவோரங்களிலும் காணப்பட்டனர். அவர்கள் ஒவ்வொருவரும் எங்குச் சென்றார், எவ்வாறு வாழ்கின்றார் என்று தொடக்கத்திலிருந்தே குறித்து வைத்தவர் இலர்.

இதனினும் கொடிய நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அந்நாட்டின் கௌட்டெங் மாநிலச் சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமெனி என்னும் தனியார் நிறுவனத்தின் மனநோய் இல்லங்களில் நோயாளரைப் பராமரித்து வந்தது. 2015-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அத்துறை அறிவித்தது. செலவைக் குறைப்பதும், நோயாளரைச் சமூகத்திடையே கொண்டு செல்வதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2016-இல் சில மாதங்களுக்குள் நோயாளர்கள் அவசர அவசரமாக மாற்றப்பட்டனர். அவர்களைப் பெற்றுக்கொண்ட 27 தொண்டு அமைப்புகளுக்கும் முறையான உரிமம் இல்லை என்பதைச் சுகாதார நடுவர் மக்கோபா 2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் வெளியிட்ட அறிக்கை காட்டியது. பலருடைய மருத்துவக் குறிப்புகள் அவர்களுடன் செல்லவில்லை. உறவினருக்கே தம் மக்கள் எங்கு இருக்கின்றனர் என்பது தெரியவில்லை. போதிய உணவும் வெப்பமும் மருந்தும் இன்றி 144 பேர் மாண்டனர். முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அளித்த தீர்ப்பு, குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மருத்துவமனையிலிருந்து சமூகத்திற்கு மாற்றுவதே தவறு என்று இந்நிகழ்ச்சி காட்டுகின்றதா? அந்தத் துறை பயன்படுத்திய சொற்கள் உலகெங்கும் நல்ல திட்டங்களில் வழங்கும் சொற்களேதாம். கொள்கைத் தாளை மட்டும் படித்தவருக்கு வேறுபாடு தெரிந்திராது. ஒருவரை மாற்றுமுன் அவர் நிலை யாது, மாற்றிய ஒரு மாதத்தில் யாது, ஓராண்டில் யாது என்று பார்த்துக் குறிப்பவர் இருந்திருந்தால், முதல் சில சாவுகளிலேயே பணி நிறுத்தப்பட்டிருக்கும். 144 என்ற எண்ணிக்கை வரை சென்றிராது.

அவ்வாறு பார்த்துக் குறித்தவர்கள் இலண்டனில் இருந்தனர். இந்தக் கட்டுரைக்கு மூலமாக அமைவது அவர்கள் செய்த பணியே.

வட இலண்டனில் 1851-ஆம் ஆண்டில் கோல்னி ஹாட்ச் என்னும் இடத்தில் மாபெரும் மனநோய் விடுதி ஒன்று கட்டப்பெற்றது. நமக்குத் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ அப்படியே இலண்டன் மக்களுக்குக் 'கோல்னி ஹாட்ச்' என்பது பித்தரைக் குறிக்கும் கேலிச் சொல்லாயிற்று. பின்னாளில் அதன் பெயரும் ஃபிரையர்ன் மருத்துவமனை என மாற்றப்பட்டது. பெயரை மாற்றிக் களங்கத்தைத் துடைக்கலாம் என்று எண்ணுவதில் எல்லா நாட்டாரும் ஒருவரே போலும். 1893-இல் திறக்கப்பெற்ற கிளேபரி என்பது மற்றொரு பெரிய மருத்துவமனை. இவ்விரண்டையும் பத்தாண்டுக் காலத்தில் படிப்படியாக மூடிவிடுவதென அவ்வட்டாரச் சுகாதார ஆணையம் 1983-ஆம் ஆண்டில் முடிவு செய்தது.

மூடும் முடிவோடு மற்றொரு முடிவையும் எடுத்தனர் என்பதே பாராட்டத்தக்கது. வெளியேறுவோரின் வாழ்வைத் தொடர்ந்து ஆராய்வதற்கென 1985-இல் ஒரு குழு அமைந்தது. மனநல மருத்துவப் பேராசிரியர் ஜூலியன் லெஃப் அதன் தலைவர். ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் இருந்தவர்கள், அவர்களுள் முதுமையால் அறிவு மங்கியவர்கள் நீங்கலாக மற்றையோர், இவ்வாராய்ச்சிக்கு உட்படுத்தப்பெற்றனர். அவர்களுள் பலர் தம் வாழ்வின் பெரும் பகுதியை அந்தச் சுவர்களுக்குள்ளேயே கழித்தவர்கள்.

குழுவினர் என்ன செய்தனர்? ஒருவர் வெளியேறுமுன்பே அவரைச் சந்தித்து, அவருடைய நோய் நிலை, உடல் நலம், நடத்தை, சமைத்தல், துவைத்தல், கடைக்குச் செல்லுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற திறன்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். அவரை ஒத்த வயதும் நோயும் உடைய, ஆனால் இன்னும் மருத்துவமனையிலேயே இருக்கப்போகும் மற்றொருவரையும் தேர்ந்து, அவரைப் பற்றியும் அவ்வாறே குறித்தனர். ஓராண்டு சென்ற பின் இருவரையும் மீண்டும் தேடிச் சென்று பார்த்தனர். ஐந்தாண்டு சென்ற பின் வெளியேறியோரை மறுபடியும் பார்த்தனர். புதிய கன்றைப் பழைய கன்றின் அருகில் நட்டு அளப்பதும் இதுவும் ஒன்றே. அருகில் ஒப்பிடுவதற்கு ஒருவர் இல்லையேல், ஓராண்டில் காணும் மாற்றம் இடம் மாறியதனால் வந்ததா, காலப்போக்கில் தானே வந்ததா என்று எவரும் சொல்லவியலாது.

அவர்கள் கேட்ட கேள்விகளுள் ஒன்று நம் மனத்தைத் தொட்டது. கடந்த ஒரு மாதத்தில் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று முதலில் கேட்டனர். பிறகு, அவர்களுள் ஒவ்வொருவரையும் குறிப்பிட்டு, 'இவரைக் காணாவிட்டால் உங்களுக்கு ஏக்கமாயிருக்குமா?' என்று கேட்டனர். ஒரு மனிதருக்குச் சுற்றம் உண்டா இல்லையா என்பதை அறிய இதனினும் நேரான கேள்வி இல்லை. பல்லாண்டுகள் நோயுற்றவர் சொல்லும் விடையை நம்பலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. அதனையும் அவர்கள் விட்டுவிடவில்லை. நோயாளரின் கருத்தறியும் வினாக்களைச் சிறிது காலம் கழித்து மீண்டும் கேட்டுப் பார்த்தனர். விடைகள் பெரும்பாலும் மாறாமல் நின்றன. தம் மனத்தில் உள்ளதை அவர்கள் அறிந்தே சொன்னார்கள் என்பது தெளிவாயிற்று.

ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்க்கப்பெற்றவர்கள் 670 பேர். அவர்களைப் பற்றிய முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. ஐந்தாண்டு இறுதியில், உயிருடன் இருந்தோருள் 100-க்கு ஏறத்தாழ 90 பேர் சமூகத்திடையே வாழ்ந்துகொண்டிருந்தனர். மூன்றில் ஒரு பங்கினர் இடையில் ஒரு முறையேனும் மருத்துவமனைக்குத் திரும்ப நேர்ந்தது. முதலாண்டுக் கணக்கில், வீடற்றுப் போனவராகக் கருதப்பட்டோர் 10 பேருக்கும் குறைவே. வெளியேறியோர் வட இலண்டன் தெருக்களில் அலைந்து திரிவர் என்று செய்தித்தாள்கள் எழுதிய அச்சம் இக்குழுவினர் பார்த்தவர்களைப் பொறுத்தவரை மெய்யாகவில்லை.

நோய் குறைந்ததா? இல்லை. நோய்க்குறிகள் ஏறக்குறைய முன்போலவே இருந்தன. நடத்தைக் குறைபாடுகளும் அவ்வாறே. ஆகவே நோயை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர், "இவ்வளவு முயன்றும் ஒரு பயனும் இல்லை" என்று ஏட்டை மூடியிருப்பார். ஆனால் வேறு அளவுகோல்கள் வேறு செய்தியைக் கூறின. வெளியேறியவர்கள் வீட்டு வேலைகளிலும் ஊரில் புழங்குவதிலும் திறன் பெற்றிருந்தனர். நண்பர் என்று சொல்லிக்கொள்ளவும், மனம் விட்டுப் பேசவும் அவர்களுக்கு ஆள் கிடைத்திருந்தது. எப்பொழுது எழுவது, எப்பொழுது உண்பது, அறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்பன போன்றவற்றில் அவர்களைக் கட்டுப்படுத்திய விதிகள் மிகக் குறைந்திருந்தன. பெரும்பாலோர் தாம் இப்பொழுது வாழும் இடத்திலேயே தொடர்ந்து இருக்க விரும்பினர். குரல்கள் காதில் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆயினும் தம் கையால் தேநீர் கலந்து, தம் நண்பருக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுப்பவரும், வரிசையில் நின்று தட்டேந்துபவரும் ஒரே வாழ்வு வாழ்கின்றனர் என்று நாம் கூற முடியுமா?

முன்னர் ஆசிரியப் பணி புரிந்தவர் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகின்றது. ஒரு மாணவனை நாம் எதனால் அளக்கின்றோமோ அதில் மட்டுமே அவன் நமக்குத் தெரிகின்றான். கணக்குத் தேர்வில் தவறியவன் தோட்டத்துச் சிறுவர்கள் அனைவரையும் ஆறு கடக்கப் பாதுகாப்பாய் அழைத்து வருவது எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். இதில் ஒரு கண்ணி உண்டு. ஃபிரையர்ன், கிளேபரி இரண்டிலும் முதலில் வெளியேறியவர்கள் பெரும்பாலும் உடலும் மனமும் தேறியவர்கள். அவர்களுக்கு வேண்டிய உதவி குறைவு. கடைசியில் எஞ்சியவர்கள் மிகக் கடினமான நிலையில் இருந்தவர்கள். முதல் கூட்டத்தாரின் செலவை மட்டும் கணக்கிட்டு, "சமூகத்தில் பராமரிப்பது மலிவு" என்று முடிவு கட்டினால், நல்ல மரங்கள் நிறைந்த ஒரு நிரையை மட்டும் வெட்டிப் பார்த்து முழுக்காட்டுக்கும் பால் மதிப்பிட்டவர் நிலைதான் ஏற்படும். பொருளியல் அறிஞர் மார்ட்டின் நாப்பும் அவருடைய குழுவினரும் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து இக்கணக்கைப் பார்த்தனர். பின்னர் வெளியேறிய கூட்டத்தாருக்குச் செலவு ஏறிக்கொண்டே சென்றதை அவர்கள் காட்டினர். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபொழுது, சமூகத்தில் பராமரிக்கும் செலவு மருத்துவமனைச் செலவைவிட அதிகமாகவில்லை. பெரும் மிச்சமும் இல்லை. மற்றொன்றையும் அவர்கள் கண்டனர்: கூடுதலாகச் செலவிடப்பட்டவர்களிடத்தில் கூடுதலான நற்பயன் காணப்பட்டது. மிச்சம் பிடிப்பதற்காகவே இம்மாற்றத்தைச் செய்யத் துணிபவர் கௌட்டெங் கதையை ஒரு முறை படித்துவிட்டுத் துணிவது நலம்.

கடைசியில் எஞ்சியவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபிரையர்னில் 72 பேர், அடிதடி, தீ வைத்தல், தகாத நடத்தை முதலிய காரணங்களால், எந்தச் சாதாரண இல்லத்திலும் சேர்க்க இயலாதவர்கள் எனக் கருதப்பட்டனர். அவர்களுக்கென ஊழியர் மிகுந்த தனி இடங்கள் ஏற்பாடாயின. குழுவினர் இவர்களையும் ஐந்தாண்டுகள் விடாமல் பார்த்து வந்தனர். ஐந்தாண்டு இறுதியில் இவர்களுள் ஐந்தில் இரு பங்கினர் சாதாரணச் சமூக இல்லங்களுக்கு மாறியிருந்தனர். "இவன் திருந்த மாட்டான்" என்று பலர் கைவிட்ட மனிதர்கள் இவர்கள். மருந்தும், பொறுமையும், குறைந்த கூட்டமும், தம்மைப் பெயரிட்டு அழைக்கும் ஊழியரும் வாய்த்தபொழுது முரட்டுத்தனம் தணிந்தது. எஞ்சியவர்களுள் பலர் அந்தத் தனி இடங்களிலோ அதனை ஒத்த இடங்களிலோ இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே காலம் போதாது.

ஃபிரையர்ன் மருத்துவமனை 1993-இலும் கிளேபரி 1997-இலும் மூடப்பட்டன. இரு கட்டடங்களும் இன்று செல்வர் வாழும் அடுக்கு வீடுகள். அங்கே வீடு விற்போர் கோல்னி ஹாட்ச் என்ற பழம்பெயரை உரக்கச் சொல்வதில்லை என்று கேள்வி.

இலண்டன் குழுவினர் ஒரு குறையையும் கண்டனர். வெளியேறியவர்களுக்கு நண்பர் கிடைத்தது உண்மையே. ஆனால் அந்த நண்பர்களுள் அயலார் மிகச் சிலர். பக்கத்து வீட்டார் இவர்களை அறியாமலே வாழ்ந்தனர், அறிந்தோர் அஞ்சினர். இது பற்றி அந்நகரில் மற்றோர் ஆராய்ச்சி நடந்தது. மனநோயிலிருந்து மீண்டோருக்கான இல்லங்கள் புதிதாகத் திறக்கப்பட்ட இரண்டு பகுதிகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பகுதியில் அயலாருக்கு விளக்கத் தாள்கள் கொடுத்தும், படம் காட்டியும், அவர்களை அழைத்துப் பேசியும், சிறு விருந்துகள் நடத்தியும் வந்தனர். மற்றொரு பகுதியில் ஒன்றும் செய்யவில்லை. முடிவுகள் 1996-இல் வெளியாயின. விளக்கம் பெற்ற பகுதியில் நோயைப் பற்றிய அறிவு பெரிதாய் உயர்ந்துவிடவில்லை. அச்சம் குறைந்திருந்தது. அங்கே வந்து குடியேறியவர்களுள் சிலருக்கு அக்கம்பக்கத்தாருடன் பழக்கமும் நட்பும் ஏற்பட்டன. மற்றப் பகுதியில் அவ்வாறு ஏற்படவில்லை. ஒரு குவளைத் தேநீருக்கு அழைப்பது, நோயைப் பற்றிய நூறு தாள்களை விட வலிமை உடையதாயிற்று.

தோட்டத்து லயங்களில் இது எளிதா, கடினமா? இரண்டும் எனலாம். நகரத்தாரைப்போல் அயலார் யாரென்று தெரியாமல் இங்கே ஒருவரும் வாழ முடியாது. ஒரு வீட்டில் நடப்பது மறுகோடி வீட்டுக்குப் பெரட்டு முடியுமுன் தெரிந்துவிடும். வந்தவரைத் தழுவிக்கொள்ளவும் இது உதவும். அவரைத் தனிமைப்படுத்தவும் உதவும். குழந்தைகள் பின்னால் நின்று கூவினால் அதை அடக்கும் பெரியவர் ஒருவர் இருக்கின்றாரா என்பதே பல வேளைகளில் அவர் தங்குவாரா, மீண்டும் மருத்துவமனைக்குச் செல்வாரா என்பதை முடிவு செய்கின்றது.

வெளியே வருவது எல்லாருக்கும் நன்மையா என்று கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே சிந்திக்கத் தக்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளருக்கென அமைக்கப்பெற்ற குடியிருப்பை நம்மவர் பலர் பூச்செடி வாங்கச் சென்று அறிந்திருப்பர். நோய் முற்றும் குணமாகி, வெளியே செல்ல உரிமை பெற்ற பின்னரும், அங்கே வாழ்ந்தோருள் பலர் அங்கேயே இருக்க விரும்பினர். திருமணம் செய்ததும், செடி வளர்த்ததும், நண்பரைப் புதைத்ததும் அம்மண்ணில்தான். 2007-ஆம் ஆண்டில் அக்குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபொழுது அவர்கள் வருந்தியது எதனால் என்பது இதனால் விளங்கும். மனநோய் மருத்துவமனையின் பெருங்கூடம் வேறு, சுங்கை பூலோவின் சிறு வீடுகள் வேறு. எனினும் இலண்டனார் கேட்ட கேள்வி இங்கும் பொருந்தும்: 'எங்கே இருக்க விரும்புகின்றீர்?' என்று அவரையே முதலில் கேட்டீர்களா?

இனி, வீட்டுக்கு ஒருவர் வரவிருக்கும் குடும்பத்தார்க்குச் சில சொல்வோம். மருத்துவமனையிலிருந்து அழைத்துச் செல்லும் நாளில் மருந்துப் பொட்டலத்தை மட்டும் பெற்றுக்கொண்டு வந்துவிட வேண்டாம். எந்த மருந்து, எத்தனை வேளை, மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சில மருந்துகளை நாள்தோறும் விழுங்குவதற்கு மாறாகச் சில வாரங்களுக்கு ஒரு முறை ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். விடியுமுன் வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு அது வசதியாகக்கூடும், மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்த ஊசியும் சோதனையும் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் கிடைக்குமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெந்தாரி என்னும் சமூக மனநல நிலையம் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அங்கே மருத்துவத்தோடு வேலை தேடவும் உதவுவர். உறக்கம் குறைதல், உணவை மறுத்தல், தனக்குள் பேசிக்கொண்டு ஒதுங்குதல் முதலியன மீண்டும் தோன்றினால் காத்திராமல் செல்ல வேண்டிய இடம் எது என்று அன்றே கேட்டுவிடுங்கள். இலண்டனிலேயே மூன்றில் ஒருவர் ஒரு முறையேனும் திரும்பச் சென்றனர் என்பதை நினைவிற் கொண்டால், மறுபடியும் சேர்க்க நேர்வதைத் தோல்வி என்று எண்ணி மறைக்க மாட்டீர்கள்.

மனநலக் குறையுடையோர் மாற்றுத்திறனாளர் பதிவுக்கு உரியவர்கள். அவ்வட்டையைச் சமூக நல இலாகாவின் வழியே பெறலாம். தகுதியுள்ளோர் உதவித் தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். இதனைக் கூச்சத்தால் விட்டுவிடுவோர் பலர். அட்டை வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற எண்ணத்தில் மாதாமாதம் வரக்கூடிய பணத்தை இழப்பது, வீட்டுக்குச் சுமையாகிவிட்டோமே என்று அவரும் எண்ணுவதற்கே வழி செய்யும்.

வந்தவரிடம் சிறு வேலைகளை ஒப்படையுங்கள். கோழிக்குத் தீனி இடுதல், தண்ணீர் பிடித்தல், அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் காலணியைக் கழுவிக் காயவைத்தல் என எதுவாயினும் ஆகுக. மருத்துவமனையில் எல்லாவற்றையும் பிறரே செய்துவிட்டதனால் கை மறந்திருக்கும். முதல் நாள் சோறு குழையும். இரண்டாம் வாரம் பதமாகும். இலண்டனில் திறன் கூடியது இப்படித்தான்.

நீங்களும் குறித்து வையுங்கள். பள்ளிப் பிள்ளையின் பழைய பயிற்சி ஏடு ஒன்று போதும். வந்த நாளில் அவர் தாமாகச் செய்யக்கூடியன எவை, பேசிப் பழகுவோர் யார் யார், எங்குச் செல்கின்றார் என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அவற்றையே மீண்டும் எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தகத்திற்குச் செல்லும்பொழுது அந்த ஏட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் சில நிமிடங்களில் காண முடியாததை அது காட்டும். கடைசிப் பக்கத்தை அவருக்கென விட்டுவைத்து, 'இங்கே இருக்க உங்களுக்குப் பிடித்திருக்கின்றதா?' என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்னவாறே எழுதுங்கள்.